நகரத்தின் இதயத்தில் ஒரு நீரூற்று

நகராட்சி ஊரையே கூப்பிட்டுக் கனவு காணச் சொன்னது.

கடைவீதித் தூண்களில் பச்சை நிறச் சுவரொட்டிகள் முளைத்தன. ‘நகரத்தின் இதயம் துடிக்கட்டும்! உங்கள் கனவைச் சொல்ல வாருங்கள்!’ ஒட்டுகிறவனுக்கு இடம் போதவில்லையோ என்னவோ, சந்தைக்குப் பின்னால் இருந்த பெண்கள் கழிப்பறையின் கதவிலும் ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிருந்தான். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு தாள்: ‘இக்கட்டடம் மேம்பாட்டுப் பணிக்காக விரைவில் அகற்றப்படும்.’

ஜிப்பக்கா இரண்டையும் நின்று படித்துவிட்டுத்தான் உள்ளே போனாள். சந்தை முனையில் தையல் மெஷின் போட்டிருந்தவள் அவள். பள்ளிக்கூடப் பை, பேன்ட், ரெக்சின் பெட்டி எதில் ஜிப் பிய்ந்தாலும் அவளிடம்தான் வரும். அதனால் சந்தைக்கே அவள் ஜிப்பக்கா. சொந்தப் பெயர் அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும்.

அந்தக் கழிப்பறை ஒன்றும் மாளிகை இல்லை. தாழ்ப்பாள் விழாது, ஒரு கை கதவைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பல்ப் எரிந்தால் அன்று தண்ணீர் வராது. ஆனாலும் சந்தையில் வேலை செய்கிற அத்தனை பெண்களுக்கும் அது ஒன்றுதான். முன்பு ஒருமுறை குழாய் உடைந்து அது மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது, மீன் விற்கும் ஜிப்பக்காவின் அக்கா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். காலையில் கடைக்கு வந்தால் இருட்டி வீட்டுக்குப் போகிறவரை வாயை நனைத்துத் துப்புவதோடு சரி. கடைசியில் கிருமி கிட்னிவரை ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். “இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னி தாங்காது. நாள் முழுக்கத் தண்ணி குடிக்கணும்” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து அக்கா ஒரு பெரிய பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். குடிப்பாள், போவாள், வருவாள். அந்த ஓட்டைக் கதவு இருந்தவரைக்கும் அவளுடைய உடம்பு ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

“நீ போய்ச் சொல்லு. உனக்குத்தான் நாலு பேர்கிட்டப் பேசத் தெரியும்” என்றாள் அக்கா.

“என்னன்னு சொல்ல?”

“இடிக்காதீங்கன்னு சொல்லு. இதுக்கு என்ன பேச்சுப் போட்டியா வைக்கப் போறாங்க?”

வைத்திருந்தார்கள்.

நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் புதிதாகக் கட்டிய கண்ணாடி மண்டபம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். இங்கே பெரியவர் சிறியவர் என்று யாரும் கிடையாது, எல்லோரும் சமம் என்பதற்காக அந்த வட்டம் என்று விளக்கினார்கள். திட்ட இயக்குநரின் நாற்காலிக்கு மட்டும் கைப்பிடியும் குஷனும் இருந்தன. அதுவும் வட்டத்தில்தான் இருந்தது.

கழுத்தில் ‘கனவு வழிகாட்டி’ என்ற அட்டை தொங்க, ஒரு இளம்பெண் நடுவில் நின்றாள். சிரிப்பு அவள் முகத்தில் வேலைநேரம் முழுக்க இருக்கும்படி மாட்டப்பட்டிருந்தது. கையில் ஒரு பச்சை ஸ்பாஞ்ச் பந்து.

“இதுதான் பேச்சுப் பந்து. இது யார் கையில இருக்கோ அவங்க மட்டும்தான் பேசணும். இன்னொண்ணு, இங்க குறை சொல்லக் கூடாது. கனவு மட்டும்தான். ‘வேண்டாம்’, ‘கூடாது’, ‘ஏன்’ இந்த மூணு வார்த்தையையும் வாசல்லயே விட்டுட்டு வந்துடுங்க. சரியா?”

பந்து முதலில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரிடம் போயிற்று. அவர் அதை இரண்டு கைகளாலும் மடியில் அழுத்திக்கொண்டார். கார் நிறுத்துமிடம் பற்றிக் கனவு கண்டார். நிழலில் கண்டார், வெயிலில் கண்டார், பிறகு நிலத்தடியில் இரண்டு அடுக்காகக் கண்டார். காரின் கதவைத் திறந்தால் பக்கத்துக் கார் மேல் இடிக்காத அகலம் எவ்வளவு என்பதை எழுந்து நின்று கையை விரித்துக் காட்டினார். இயக்குநர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு பந்து ஒரு அடுக்குமாடி அம்மாவிடம் போயிற்று. நாயின் பாதம் சுடாத தரை அவளுடைய கனவு. அது பலகையில் இரண்டு முறை அடிக்கோடிடப்பட்டது.

பந்து ஜிப்பக்காவிடம் வந்தபோது ஈரமாக இருந்தது.

வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தவள்தான். ஆனால் அந்தக் கண்ணாடியும் குளிரும் நாயின் பாதமும் சேர்ந்து அவளைக் கூச வைத்துவிட்டன. கழிப்பறையின் பெயர் வாயில் உருண்டது, வெளியே வரவில்லை.

“சந்தைக்குப் பின்னாடி அந்த இடம் இருக்குல்லங்க…”

“எந்த இடம்மா?”

“அதாங்க. பொம்பளைங்க போற இடம்.”

“ஓ! பெண்களுக்கான இடம்!” வழிகாட்டி துள்ளிப் போய்ப் பலகையில் ‘பெண்களுக்கான வெளி’ என்று எழுதினாள்.

“அதை இடிக்க வேண்டாம்னு…”

“ம்ஹூம்.” விரல் உயர்ந்தது. “‘வேண்டாம்’ங்கற வார்த்தை வேண்டாமே. என்ன வேணும்னு சொல்லுங்க.”

ஜிப்பக்கா விழித்தாள். இருக்கிறதை இருக்கவிடச் சொல்வதற்கு, ‘வேண்டாம்’ இல்லாமல் எப்படிச் சொல்வது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

“தண்ணி வரணும். லைட்டு எரியணும். தாழ்ப்பாள் வேணும், பயமில்லாம இருக்கணும்ல.”

தண்ணீர். ஒளி. பாதுகாப்பு. வழிகாட்டி மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரும்பினாள். “கவிதை மாதிரி இருக்கும்மா!” மண்டபம் கை தட்டியது. கணக்கு வாத்தியார்கூடத் தட்டினார். இயக்குநர் எழுந்து நின்று, “எளிய மக்களிடம்தான் பெரிய கனவுகள் இருக்கின்றன. நாங்கள் வெறும் கருவிகள்” என்றார்.

படியிறங்கும்போது ஜிப்பக்காவின் உடம்பு லேசாக இருந்தது. அவளுக்காக இதற்குமுன் யாரும் கை தட்டியதில்லை. அந்தச் சத்தம் காதில் சந்தைவரை கூடவே வந்தது.

“சொன்னியா?” என்றாள் அக்கா.

“சொன்னேனே. எல்லாரும் கை தட்டினாங்க.”

அக்கா கத்தியால் மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். “கக்கூஸுக்கா கை தட்டினாங்க?”

ஜிப்பக்கா தன் இடத்துக்குத் திரும்பினாள். மெஷினில் உட்கார்ந்து ஒரு பையின் வாயை இழுத்து மூடிப் பார்த்தாள், திறந்து பார்த்தாள். கைதட்டல் அப்போது கொஞ்சம் கொஞ்சமாக வேறு சத்தமாக மாறிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கூட்டத்தில் கனவு தயாராகி வந்தது. மேசையில் வெல்வெட் துணியை இழுத்தார்கள். நகர மையத்தின் சின்ன மாதிரி. வெள்ளைக் கட்டடங்கள், பஞ்சு மரங்கள், விரல்நுனி உயரத்தில் வெள்ளை மனிதர்கள். அந்த மனிதர்கள் யார் கையிலும் கூடையில்லை, பையில்லை. எல்லோரும் எங்கேயோ சும்மா போய்க்கொண்டிருந்தார்கள். ஜிப்பக்கா சந்தையைத் தேடினாள். அது ‘சுவை வளாகம்’ ஆகியிருந்தது. அதன் பின்பக்கம் கழிப்பறை இருந்த இடத்தில் ஒரு வட்டத் தொட்டி. நடுவில் குடத்தைச் சாய்த்துப் பிடித்திருக்கும் ஒரு பெண் சிலை. சுற்றிலும் வண்ண விளக்குகள். பக்கத்தில் ஒரு வெள்ளைக் காவலாளி.

“தண்ணீர், ஒளி, பாதுகாப்பு!” என்று வழிகாட்டி ஜிப்பக்காவின் தோளை அணைத்துக்கொண்டாள். “முதல் வரைபடத்துல அங்க வெறும் புல்தரைதான் இருந்துச்சு. இது முழுக்க உங்க கனவும்மா. பெண்களுக்கான வெளி!”

தன் கையாலேயே தன் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டுவிட்டு வந்தவள்போல ஜிப்பக்கா நின்றாள். சிலையின் குடத்திலிருந்து நூல்போலத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அடியில் ஒரு மோட்டார் உறுமியது. பந்து அப்போது கணக்கு வாத்தியாரிடம் இருந்தது.

“நான் கேட்டது கக்கூஸ்” என்றாள்.

மண்டபத்தில் யாரோ தட்டைக் கீழே போட்டதுபோல ஆயிற்று.

“அம்மா, பந்து…” என்றாள் வழிகாட்டி.

“பந்து அவரே வச்சுக்கட்டும். நான் கேட்டது கக்கூஸ். பொம்பளைங்க ஒண்ணுக்குப் போற கக்கூஸ். இருக்கிறதை இடிக்காதீங்கன்னு சொல்ல வந்தேன். நீங்கதான் ‘வேண்டாம்’னு சொல்லாதேன்னு வாயை அடைச்சீங்க.”

“ஏம்மா, நாலு பேர் இருக்கிற சபையில இதையெல்லாமா பேசுறது?” என்று கணக்கு வாத்தியார் நெளிந்தார். “அவசரம்னா நானெல்லாம் காரை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுறேன்.”

“போன தடவை பூரா உங்க காரை எங்க விடுறதுன்னு கேட்டுட்டு இருந்தோமே சார். நாங்க எங்க விடுறதுன்னு ஒரு நிமிஷம் கேக்கக் கூடாதா?”

எதிர்ப்பக்கத்தில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

இயக்குநர் புன்னகையோடு எழுந்தார். அவருக்குக் கோபமே வராது. கோபம் வருகிற மாதிரியான எதுவும் அவர் வாழ்க்கையில் நடப்பதில்லை. “முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். நாங்கள் எதையும் இடிப்பதில்லை. ஒரு கட்டடத்தை அதன் அடுத்த நிலைக்கு அழைத்துச் செல்கிறோம். இரண்டாவது, விஞ்ஞானபூர்வமாக ஆய்வு செய்திருக்கிறோம். நகர மையத்துக்கு வருபவர் உலாவுவார், ஒரு காபி குடிப்பார், படம் எடுப்பார், போய்விடுவார். அந்த நேரத்துக்குள் அவருக்கு அந்தத் தேவை ஏற்படாது. ஏற்பட்டாலும், காபி குடித்த இடத்திலேயே வசதி இருக்கும்.”

“காலையில இருந்து ராத்திரிவரைக்கும் அங்கயே இருக்கிறோமே, நாங்க?”

இயக்குநர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் கணினியைப் பார்த்தார்.

“எங்கள் ஆய்வில் மூன்று பிரிவினர் இருக்கிறார்கள் அம்மா. வருகையாளர், குடியிருப்பாளர், முதலீட்டாளர். நீங்கள் இதில் எது?”

“வேலை பாக்கிறவ.”

“அப்படியொரு பிரிவு இல்லையே” என்றார் இயக்குநர், உண்மையிலேயே வருத்தத்தோடு. “சேர்த்தால் சராசரி கெட்டுவிடும்.”

அந்தக் கூட்டத்தின் குறிப்பு பிறகு நகராட்சிப் பலகையில் ஒட்டப்பட்டது. ‘நீரூற்று குறித்துச் சந்தைப் பெண் ஒருவர் உணர்ச்சிபூர்வமாகப் பேசினார். அவரது ஆர்வத்தை மதித்து நீரூற்றின் உயரம் கூட்டப்படுகிறது.’

அதைப் படித்த அன்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நீ இனிமே வாயே திறக்காதடி. இன்னொரு தடவை பேசினேன்னா கடலையே கொண்டாந்து விட்டுடுவாங்க.”

ஜிப்பக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் மேல்தான் அவளுக்கு ஆத்திரம். முதல் நாளே அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால்? எதற்குக் கூசினாள்? ஊரின் அழுக்கு பேன்ட்களை எல்லாம் மடியில் போட்டு, அவற்றின் ஜிப்பை விரலால் பிரித்துத் தைக்கிறவள் அவள். அங்கே வராத கூச்சம் கண்ணாடி மண்டபத்தில் எங்கிருந்து வந்தது? நாகரிகமானவர்கள் முன்னால் தனக்கு உடம்பு இருப்பதையே மறைத்துப் பேசியிருக்கிறாள். மறைத்ததை அவர்கள் இல்லாததாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கழிப்பறை ஒரு காலைப்பொழுதில் அடுத்த நிலைக்குப் போயிற்று. ராட்சத எந்திரம் ஒன்று வந்து அழைத்துச் சென்றது. பச்சைச் சுவரொட்டி ஒட்டிய கதவு மட்டும் கொஞ்சநேரம் மண்மேட்டில் மல்லாந்து கிடந்தது. மாற்று ஏற்பாடாக, பெருஞ்சாலைக்கு அப்பால் இருக்கிற பஸ் டிப்போவைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். கடையை யாரிடம் விட்டுவிட்டு, லாரிகளுக்கு நடுவில் எப்படிக் கடப்பது என்பது அறிவிப்பில் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஜிப்பக்காவுக்கு ஒன்று தெரியவந்தது. சந்தையின் ஒவ்வொரு பெண்ணுக்குள்ளும் ஒரு ரகசிய வரைபடம் இருந்தது. எந்த வங்கியில் காவலாளி நல்லவன், எந்தத் துணிக்கடையில் ஒரு கர்ச்சீப்பாவது வாங்கினால் உள்ளே விடுவார்கள், எந்த டாக்டர் வீட்டு வாசலில் தலைவலி என்று பொய் சொல்லலாம். எல்லோரும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். ஒருத்தியும் இன்னொருத்தியிடம் வாய் திறந்ததில்லை. சொன்னால் கூட்டம் சேர்ந்து அந்தக் கதவும் மூடிக்கொள்ளும் என்ற பயம்.

அக்காவின் பாட்டில் மேசைக்கு அடியில் போயிற்று. பிறகு வீட்டிலேயே தங்கிவிட்டது.

“குடிச்சியா?” என்று ஜிப்பக்கா கேட்கும்போதெல்லாம், “குடிச்சேன் குடிச்சேன், நீ வேலையைப் பாரு” என்பாள். உதடு வெடித்திருக்கும். ஒருநாள் உச்சி வெயிலில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி கொதித்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினாள் ஜிப்பக்கா.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!” டாக்டர் மேசையைத் தட்டினார். “தண்ணி குடிக்கிறதுல என்னம்மா உங்களுக்குக் கஷ்டம்? இதுக்கு மேல என்கிட்ட மருந்து கிடையாது. தெரிஞ்சுக்கோங்க.”

அக்கா குனிந்துகொண்டாள், தப்பு செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அந்தக் குனிந்த கழுத்தைப் பார்த்தபோது ஜிப்பக்காவுக்குள் ஏதோ நின்றுபோயிற்று. எரியவில்லை, கொதிக்கவில்லை. தையல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஊசி பட்டென்று உடையுமே, அப்படி.

காய்ச்சல் இறங்கி அக்கா கடைக்குத் திரும்பிய வாரத்தில் நீரூற்றுக்குத் திறப்பு விழா வந்தது. அதற்கு முன்னால் கண்ணாடி மண்டபத்தில் ‘கனவு கண்டவர்களுக்கு நன்றி’ என்ற நிகழ்ச்சி. மேலிடத்திலிருந்து யாரோ படம் எடுக்க வருவதால் மண்டபம் நிறைய மக்கள் வேண்டும் என்று சந்தைப் பெண்கள் அத்தனை பேரையும் அழைத்திருந்தார்கள். கடையைப் பாதி மூடிவிட்டு வந்து முன்வரிசைகளில் உட்கார்ந்தார்கள்: கீரைக்காரி, முட்டைக்காரி, வளையல் கடைக்காரி, துப்புரவு வேலைக்காரிகள், அக்கா, ஜிப்பக்கா. ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு தண்ணீர் பாட்டில் வைக்கப்பட்டது. பாட்டிலின்மேல் குடம் சாய்த்த பெண்ணின் படம்.

மேடையில் இருந்தவர்கள் குடித்தார்கள். கணக்கு வாத்தியார் குடித்தார். முன்வரிசைகளில் ஒரு மூடிகூடத் திறக்கவில்லை. பெண்கள் பாட்டிலைக் கைக்குழந்தைபோலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இயக்குநர் பேசினார். நீண்ட நேரம் பேசினார். நடுநடுவே குடித்தார். “ஒரு நகரத்தின் நாகரிகம் எதில் தெரியும்? ஓடுகிற தண்ணீரில் தெரியும்! இனி இரவும் பகலும் நம் நகரத்தின் இதயத்தில் ஒரு பெண் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பாள். அவளை நிறுத்த யாராலும் முடியாது!”

“கல்லுல செஞ்ச பொம்பளைக்கு மட்டும் நாள் பூராவும் விடலாமாம்” என்றாள் அக்கா. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் முட்டைக்காரி பக்கென்று சிரித்துவிட்டாள். அது வரிசையெல்லாம் பரவியது. மேடை அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டது.

“பாருங்கள், இந்தச் சிரிப்பு!” இயக்குநர் உருகினார். “தாய்மார்களே, ஏன் குடிக்காமல் இருக்கிறீர்கள்? கூச்சப்படாதீர்கள். இது உங்கள் தண்ணீர். இந்தக் கட்டடம் உங்கள் கட்டடம். இதில் ஒவ்வொரு அறையும் உங்கள் அறை!”

ஜிப்பக்கா அக்காவின் மடியிலிருந்த பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகித் திறந்து அக்காவின் கையில் கொடுத்தாள்.

“குடி.”

“ஏய், என்னடி…”

“சார்தான் சொல்றாருல்ல. குடி. பயப்படாம குடி.”

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையை அண்ணாந்து குடித்தாள். நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், தொண்டை ஏறி இறங்க, சேலை நனையக் குடித்தாள். கீரைக்காரி மூடியைத் திறந்தாள். வரிசையெல்லாம் டக் டக்கென்று மூடிகள் திறந்தன. புகைப்படக்காரர் ஓடிவந்து மண்டியிட்டுப் படமெடுத்தார். வழிகாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

பேச்சு தொடர்ந்தது. நன்றியுரைக்கும் நன்றி சொல்லும் உரை வந்தபோது ஜிப்பக்கா எழுந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, மேடைக்குப் பக்கவாட்டில் இருந்த கதவைத் தள்ளினாள். நீளமான நடைக்கூடம். கடைசியில் தேக்குக் கதவு. ‘கழிப்பறை: அதிகாரிகளுக்கு மட்டும்.’

காவலாளி குறுக்கே வந்தான். “இங்கெல்லாம் வரக் கூடாதும்மா.”

“‘கூடாது’ங்கற வார்த்தையை வாசல்லயே விட்டுட்டு வரணும் தம்பி. உனக்குச் சொல்லலியா?”

அவன் யோசிப்பதற்குள் அக்கா உள்ளே போய்விட்டாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நல்ல கனமான, எண்ணெய் போட்ட தாழ்ப்பாள். ஜிப்பக்கா கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். கீரைக்காரி வந்தாள், முட்டைக்காரி வந்தாள், பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும் வந்தார்கள். வரிசை நடைக்கூடத்தைத் தாண்டி மாடிப்படியில் இறங்கியது. வழிகாட்டி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். “இத்தனை பேர் பங்கேற்பா! இதுவரைக்கும் எந்த ஊர்லயும் இல்ல!”

கொஞ்சநேரத்தில் இயக்குநர் வந்தார். வேகமாக வந்தார், ஆனால் அடியை அளந்து வைத்தார். நெற்றியில் வியர்வை. அந்தப் புன்னகை இருந்தது, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் வழி விடுங்கம்மா. திறப்பு விழாவுக்கு நேரமாச்சு.” இப்போது அவருக்கும் எல்லோரையும் போலப் பேச வந்தது. “அவசரம்.”

“உள்ள ஆள் இருக்கு சார்.”

“யாரு?”

“எங்க அக்கா.”

“எவ்வளவு நேரமாகும்?”

ஜிப்பக்கா அவரை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். இந்த முறை கூசவில்லை.

“தெரியலை சார். எத்தனையோ வருஷமா அடக்கி வச்சது. அவசரப்படுத்த முடியுமா?”

வரிசையின் கடைசி எங்கே இருக்கிறது என்பதை அவருக்குக் கை காட்டினாள்.